சின்ன பிஸ்டலுக்கு எந்த சைட்? கறுப்பா, பச்சையா, சிவப்புப் புள்ளியா?

பெரிய பிஸ்டலில் பத்து மீட்டரில் பத்துத் தோட்டாவையும் உள்ளங்கை அகலத்துக்குள் அடக்குகிற ஆளிடம் இடுப்பில் வைத்துக்கொள்ளும் சின்ன 9 எம்எம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், அட்டையில் அம்மை போட்டது மாதிரி சிதறிக் கிடக்கும். உடனே பழி சைட்டின் மேல், அதாவது குறிபார்க்க பிஸ்டலின் மேல் வைத்திருக்கும் அமைப்பின் மேல் விழும். அன்று ராத்திரியே பகலில் ஒளிரும் ஃபைபர் ஆப்டிக் போடலாமா, இருட்டில் மின்னும் டிரிட்டியம் போடலாமா, ஒரேயடியாகக் கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் ரெட் டாட்டுக்கே போய்விடலாமா என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் தேடினேன், ஒரே பிஸ்டலில் மூன்று தடவை சைட் மாற்றினேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால், பாதிப் பேருக்கு நான் சொல்வது "இப்போதைக்கு எதையும் மாற்றாதீங்க" என்பதுதான். மீதிப் பாதிக்குச் சொல்லும் பதில் அவர்கள் கண்ணைப் பொறுத்தது. பிஸ்டல் என்ன மாடல் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. முன் சைட்டுக்கும் (ஒரு சின்னத் தூண்) பின் சைட்டுக்கும் (நடுவில் பள்ளம் உள்ள தகடு) இடையில் உள்ள நீளம் குறைந்தால் பிழை பெரிதாகும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எவ்வளவு என்று யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. பெரிய க்ளாக் 17 பிஸ்டலில் அந்த நீளம் 165 மில்லிமீட்டர், க்ளாக் 19-இல் 153, ஒல்லியான க்ளாக் 43-இல் 132. முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்குள் அரை மில்லிமீட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது என்று வையுங்கள். 25 மீட்டரில் தோட்டா க்ளாக் 17-இல் 76 மில்லிமீட்டரும், 19-இல் 82-ம், 43-இல் 95-ம் விலகும். பெரியதற்கும் சின்னதற்கும் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்தான், கால் பங்கு கூடுதல், அவ்வளவே. ஆனால் அட்டையில் உங்கள் குரூப் (தோட்டா ஓட்டைகளின் பரவல்) கால் பங்கா பெரிதாகிறது? இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிறது இல்லையா. அப்படியென்றால் மிச்சம் எங்கிருந்து வருகிறது?

பேரல் (குழல்) குட்டை என்பதால் இல்லை. குட்டை பேரலில் தோட்டாவின் வேகம் குறையும், ஆனால் பிஸ்டலை ஒரு பிடிகருவியில் இறுக்கி வைத்துச் சுட்டால் குட்டை பேரலும் நல்ல குரூப் போடும். மிச்சம் விரலிலிருந்து வருகிறது. க்ளாக் 43 மாதிரி ஒரு பிஸ்டல் காலி மேகசினோடு அரைக் கிலோதான் இருக்கும், அதன் ட்ரிக்கரை இழுக்க இரண்டரைக் கிலோ விசை வேண்டும். தன் எடையைப் போல ஐந்து மடங்கு விசையை ஒரு பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டு அது அசையாமல் நிற்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். போதாததற்குப் பிடி குட்டை, சுண்டு விரலுக்கு இடமே இருக்காது, அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, ட்ரிக்கர் விரல் இழுக்கும்போதெல்லாம் தானும் சேர்ந்து மடங்கப் பார்க்கும். வலது கைக்காரர்களுக்குத் தோட்டா இடது பக்கம் கீழே போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எங்கள் ரேஞ்சில் ஓர் அண்ணன் இருக்கிறார், புது பிஸ்டல் வாங்கி மூன்றே வாரத்தில் பின் சைட்டைச் சுத்தியலும் பித்தளைக் குச்சியுமாக வலது பக்கம் தட்டித் தட்டி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகர்த்தி வைத்திருந்தார். அப்பவும் தோட்டா கீழ்-இடதுதான். அவருடைய மேகசினை வாங்கி, அவருக்குத் தெரியாமல் ஏழு தோட்டாவுக்கு நடுவே வெடிக்காத இரண்டு டம்மி தோட்டாவைச் சொருகிக் கொடுத்தேன். மூன்றாவது இழுப்பில் டம்மி வந்தது. 'க்ளிக்' என்ற சத்தத்தோடு முன் சைட் ஒரு விரல் அகலம் கீழே குத்திக்கொண்டு போனதை அவரே பார்த்தார். "சரி தம்பி, புரியுது" என்றார், சைட்டை மறுபடி நடுவுக்குத் தட்டிக்கொண்டார். அவருக்கு எந்த சைட் வாங்கிக் கொடுத்தும் அன்றைக்குப் பிரயோஜனம் இருந்திருக்காது.

அதனால் சைட்டுக்குப் பணம் எடுக்கும் முன் ஒரு சோதனை. மணல் மூட்டை மேல் கையை வைத்து, அவசரமே இல்லாமல், 15 மீட்டரில் பத்துத் தோட்டா சுடுங்கள் (ஐந்து போதாது, ஐந்தில் அதிர்ஷ்டம் அதிகம் கலந்திருக்கும்). குரூப் சிறிதாக இருந்து இடம் மட்டும் தள்ளியிருந்தால் சைட்டின் உயரமோ நிலையோ சரியில்லை. மூட்டை மேல் சிறிது, நின்று சுட்டால் பெரிது என்றால் விரல், பிடி. மூட்டை மேலும் பெரிது, அதுவும் முன் சைட் மங்கலாகத் தெரிகிறது என்றால் கண். இந்த மூன்றாவது ஆளுக்குத்தான் சைட் மாற்றினால் நிஜமாகவே பலன்.

இடம் மட்டும் தள்ளியிருப்பவர்களுக்கு வேலை சுலபம். பின் சைட்டை, தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், முன் சைட் என்றால் எதிர்ப்பக்கம். மேலே கீழே என்றால் வேறு உயரத்தில் சைட் வாங்க வேண்டும். க்ளாக்குக்கு 6.1, 6.5, 6.9, 7.3 மில்லிமீட்டர் என்று நான்கு உயரத்தில் பின் சைட் கிடைக்கிறது, 6.5-தான் வழக்கமாக வருவது. ஒரு படி, அதாவது 0.4 மில்லிமீட்டர் ஏற்றினால் க்ளாக் 19-இல் 25 மீட்டரில் ஆறரை சென்டிமீட்டர் மேலே போகும். அதை மாற்றும் முன் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். 115 கிரெய்ன் (தோட்டாவின் எடை அளவு) கீழே குத்தினால் 147 கிரெய்ன் கொஞ்சம் மேலே குத்தும், கனமான தோட்டா பேரலைவிட்டு வெளியேற அதிக நேரம் எடுக்கும், அதற்குள் பேரலின் வாய் கொஞ்சம் கூடுதலாக எழும்பிவிடும்.

இனி சைட்டுகளுக்கு வருவோம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் மூன்று வெள்ளைப் புள்ளி சைட்டை நான் பெரிதாக மதிப்பதில்லை. புள்ளி கண்ணை இழுக்கும், ஆனால் துல்லியம் இருப்பது மேல் விளிம்பில். இரண்டு விளிம்பும் ஒரே மட்டம், இரண்டு பக்கமும் சம வெளிச்சம் என்பதுதான் சதுரப் பள்ளமும் சதுரத் தூணுமாக உள்ள இந்த அமைப்பின் அடிப்படையே. புள்ளிகளை ஒரே வரிசையில் நிறுத்தும்போது விளிம்புகளும் மட்டமாக நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, அதனால் குரூப் நெடுக்காக நீளும். இதற்கு ஒரு செலவில்லாத வைத்தியம்: பின் சைட்டின் இரண்டு வெள்ளைப் புள்ளியையும் கறுப்பு மார்க்கரால் அடித்துவிடுங்கள். முன் புள்ளியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்ததும் பளீரென்ற ஆரஞ்சு இரண்டு பூச்சு. வெள்ளை அடிப்பூச்சு இல்லாமல் ஆரஞ்சை நேராகக் கறுப்பு மேல் பூசினால் செங்கல் நிறத்தில் மங்கிப்போகும், நான் முதல் தடவை அப்படித்தான் செய்து கெடுத்தேன். இதைச் செய்துவிட்டு ஒரு மாதம் சுடுங்கள். நிறைய பேருக்கு இதோடு தேவை தீர்ந்துவிடும்.

அட்டைக்கு மட்டும் என்றால் முழுக் கறுப்பு சைட்டை அடித்துக்கொள்ள இன்னொன்று இல்லை. டார்கெட் சுடும் பழைய ஆட்கள் பளபளப்பைப் போக்க சைட்டின் மேல் விளக்குப் புகை பிடித்துக் கறுப்பாக்கிக்கொள்வார்கள், விளிம்பு அவ்வளவு கூர்மையாகத் தெரியும். ஆனால் கறுப்புச் சட்டை போட்ட மாதிரியான இருண்ட பின்னணியில் கறுப்பு சைட் காணாமல் போய்விடும். இடுப்பில் வைக்கும் பிஸ்டலில் அது ஒரு பெரிய குறைதான்.

அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை, இதை யாரும் கவனிப்பதில்லை. கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டரில் நிற்கும் 3.2 மில்லிமீட்டர் முன் சைட், 25 மீட்டரில் 11 சென்டிமீட்டருக்கு மேல் மறைத்துவிடும். 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கான துல்லிய அட்டையில் கறுப்பு வட்டமே 20 சென்டிமீட்டர்தான், பத்தாவது வளையம் 5. பாதி வட்டத்தை ஒரு தூணால் மறைத்துக்கொண்டு நடுவைத் தேடுகிறோம். 2.7 மில்லிமீட்டர் சைட் என்றால் மறைப்பு ஒன்பதரைக்கு இறங்கும், பள்ளத்தில் இரண்டு பக்கமும் வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும், அது நடுவில் இருக்கிறதா என்று கண் சட்டென்று கண்டுபிடிக்கும். பக்கத்தில் வேகமாகச் சுட என்று விற்கிற பெரிய உருண்டை சைட்டுகள் ஐந்து மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், 25 மீட்டரில் 17 சென்டிமீட்டருக்குமேல் மறைக்கும். ஐந்து மீட்டரில் அவை சௌகரியம்தான், மறுக்கவில்லை. அட்டையில் துல்லியம் வேண்டும் என்பவர் அதன் பக்கமே போக வேண்டாம்.

ஃபைபர் ஆப்டிக் முன் சைட் பெரும்பாலும் ஒல்லியாக வருகிறது, எனக்குப் பிடிப்பதற்கு முதல் காரணமே அதுதான். சுற்றுவட்டத்து வெளிச்சத்தை உறிஞ்சி முனையில் ஒரு பச்சைப் பொட்டாகக் கொட்டும், பகலில் அதைத் தேட வேண்டியதே இல்லை. வேகமாகச் சுடும்போது பொட்டையும், நிதானமாகச் சுடும்போது அதைச் சுற்றியுள்ள கறுப்பு விளிம்பையும் பயன்படுத்தலாம், ஒரே சைட்டில் இரண்டு. இருட்டில் வெறும் கறுப்பு சைட்தான். இழை உடைவதும் உண்டு, பிஸ்டலைச் சுத்தம் செய்யும் கரைசல் பட்டுப் பட்டு நொறுங்கிப்போனது எனக்கே நடந்தது. ஒரு துண்டு இழையும் ஒரு லைட்டரும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்: அளவாக வெட்டி, சொருகி, இரண்டு முனையையும் தீயின் அருகே காட்டினால் காளான் தலை மாதிரி விரிந்து பிடித்துக்கொள்ளும். தீயில் நேராக வைத்தால் உருகிச் சுருண்டுவிடும், பக்கத்தில் காட்டினால் போதும்.

டிரிட்டியம் இருட்டுக்கு. கண்ணாடிக் குப்பிக்குள் வாயு, உள்ளே ஒளிரும் பாஸ்பர் பூச்சு, பேட்டரி தேவையில்லை. அரை ஆயுள் 12.3 வருடம், அதாவது பன்னிரண்டு வருடத்தில் பிரகாசம் பாதிக்கு வந்துவிடும், பழைய கைமாற்று பிஸ்டல் வாங்கும்போது சைட் மங்கலாக இருந்தால் இதுதான் விஷயம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று புள்ளியிலும் டிரிட்டியம் உள்ளதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், கும்மிருட்டில் மூன்றும் ஒரே மாதிரி பச்சையாக மின்னும்போது எது முன், எது பின் என்று குழம்பிப்போய், முன் புள்ளியை வலது ஓரத்தில் நிறுத்தி 'சரியாக வரிசையில் இருக்கிறது' என்று நம்பிச் சுட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்னால் மட்டும் டிரிட்டியம், அதைச் சுற்றிப் பளிச்சென்ற நிற வளையம், பின்னால் வெறும் கறுப்பு என்று வருகிறதே, அது நல்ல சமரசம். வளையம் பெரிது என்பதால் தூணும் தடிமனாக இருக்கும், அட்டையில் ஃபைபர் கொடுக்கும் கூர்மை கிடைக்காது. உண்மையில், இலக்கே தெரியாத இருட்டில் சைட் மட்டும் மின்னி என்ன பயன் என்ற கேள்வியும் உண்டு. டார்ச் வெளிச்சம் அடித்தால் கறுப்பு சைட்டும் நிழலாகத் தெளிவாகத் தெரியும்.

லேசர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் சிவப்பு லேசர் தெரியாது, பச்சை ஓரளவு தெரியும், ஆனால் வீட்டில் காலித் துப்பாக்கியில் ட்ரிக்கர் பழகுவதற்கு (தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும்) அதைப் போன்ற கண்டிப்பான வாத்தியார் கிடையாது, சுவரில் அந்தப் பொட்டு போடும் ஆட்டம் உங்கள் விரலை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

இப்போது ரெட் டாட். கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

க்ளாக் 2015-இல் தொழிற்சாலையிலேயே ஸ்லைடை (சுடும்போது பின்னுக்கு ஓடும் மேல் பாகம்) ரெட் டாட் பொருத்த வெட்டி விற்க ஆரம்பித்தபோது அது பெரிய பிஸ்டல்களுக்கான சமாச்சாரம். 2018-இல் சிக் பி365 வந்து சின்ன பிஸ்டல்கள் பரவிய பிறகுதான் அந்த ஒல்லி ஸ்லைடுக்கென்றே குட்டி சைட்டுகள் வரிசையாக வந்தன. இதன் அடிப்படை லாபம் இதுதான்: வரிசைப்படுத்த முன், பின் என்று இரண்டு பொருள் இல்லை. புள்ளி எங்கே இருக்கிறதோ தோட்டா அங்கே. அந்த 132 மில்லிமீட்டர் கணக்கே அடிபட்டுப் போகிறது. கண் இலக்கையே பார்க்கலாம், முன் சைட்டுக்கும் அட்டைக்கும் மாறி மாறி ஓட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது வரம் மாதிரி, ஏனென்றால் நமக்குக் கைநீட்டுத் தூரத்தில் உள்ளதுதான் முதலில் மங்குகிறது. மறைப்பும் குறைவு. ஒரு எம்ஓஏ என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, 25 மீட்டரில் 7.3 மில்லிமீட்டர். மூன்று எம்ஓஏ புள்ளி 22 மில்லிமீட்டரும், ஆறு எம்ஓஏ புள்ளி 44 மில்லிமீட்டரும் மறைக்கும், இரும்பு சைட்டின் 11 சென்டிமீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கஷ்டங்கள். முதல் நாள் புள்ளியே தெரியாது. பிஸ்டலை நீட்டினால் வெறும் கண்ணாடிதான், புள்ளியைக் காணோம் என்று மூக்கை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு தேடுவோம். குட்டைப் பிடியில் இது இன்னும் மோசம், சுண்டு விரலுக்கு ஆதாரம் இல்லாததால் வாய் மேலே தூக்கிக்கொள்ளும். ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிடம் காலித் துப்பாக்கியை நீட்டிப் பழகியதில்தான் எனக்குச் சரியானது. அடுத்தது, புள்ளி ஆடுவது. இரும்பு சைட்டிலும் கை அதே அளவுதான் ஆடியது, தெரியவில்லை, இதில் தெரிகிறது. அதைப் பார்த்துப் பயந்து, புள்ளி நடுவைக் கடக்கும் நொடியில் 'இப்போ!' என்று ட்ரிக்கரைப் பிடித்து இழுத்தால் பழைய கீழ்-இடது கதைதான். ஆடட்டும் என்று விட்டுவிட்டு மெதுவாக அழுத்த வேண்டும்.

கண்ணில் அஸ்டிக்மாடிசம் (விழியின் வளைவு சீராக இல்லாத குறை) இருப்பவர்களுக்குப் புள்ளி உருண்டையாகத் தெரியாது, கமா மாதிரியோ வால் நட்சத்திரம் மாதிரியோ தெரியும். சைட் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பும் முன் செல்போனில் அந்தக் கண்ணாடி வழியாக ஒரு படம் எடுங்கள். படத்தில் உருண்டை என்றால் குறை சைட்டில் இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் கொஞ்சம் சரியாகும், சிலருக்குப் பச்சைப் புள்ளி சிவப்பைவிட ஒழுங்காகத் தெரிகிறது. வாங்கும் முன் யாருடையதையாவது இரவல் வாங்கி ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

திருகு விஷயத்தில் நான் பட்ட பாடு. ஒருவரிடம் கொடுத்துப் பொருத்தி வாங்கினேன், பெயர் வேண்டாம். இருநூறு தோட்டா வரை நன்றாகத்தான் போனது, அப்புறம் குரூப் மெல்ல வலது பக்கம் நகர ஆரம்பித்தது, நான் ஒவ்வொரு வாரமும் சைட்டை இடது பக்கம் திருகித் திருகிச் சரி செய்துகொண்டிருந்தேன், என்ன முட்டாள்தனம், கடைசியில் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தால் சைட்டே ஆடுகிறது. மரையில் பசை தடவாமலே முடுக்கியிருக்கிறார். இப்போது நானே செய்கிறேன்: மரையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, இளகாமல் இருக்கத் தடவும் பசையை ஒரு சொட்டு வைத்து, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்கி, திருகின் தலையிலிருந்து சைட்டின் மேல் வரை ஒரு வெள்ளைக் கோடு. கோடு விலகியிருந்தால் திருகு இளகியிருக்கிறது, சுடாமலே தெரிந்துவிடும்.

இடுப்பில் வைக்கும் பிஸ்டலுக்கு இன்னொரு தொல்லை, பஞ்சும் வியர்வையும். திறந்த வகை சைட்டில் புள்ளியை உமிழும் பல்பு வெளியே தெரியும், ஒரு துணி நூல் அதன் மேல் விழுந்தால் போதும், புள்ளி பூவாக விரிந்துவிடும். 2019-இல் எய்ம்பாயிண்ட் ஆக்ரோ என்ற ரெட் டாட் வந்ததிலிருந்து, பல்பைப் பெட்டிக்குள் அடைத்த மூடிய வகை பரவியிருக்கிறது, ஒல்லி பிஸ்டலுக்கும் இப்போது கிடைக்கிறது. பெட்டி கொஞ்சம் பருமன், ஆனால் அழுக்கு என்றால் கண்ணாடியைத் துடைத்தால் முடிந்தது. பேட்டரி பக்கவாட்டிலோ மேலேயோ மாற்றும் வகையாக வாங்குங்கள். 2009-இல் வந்த முதல் டிரிஜிகான் ஆர்எம்ஆர் ரெட் டாட்களில் பேட்டரி அடியில் இருந்தது, மாற்ற சைட்டையே கழற்ற வேண்டும், கழற்றினால் குறி சரியாக இருக்கிறதா என்று மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும் வசதியையும் முழுசாக நம்ப வேண்டாம், நீங்கள் நிழலில் நின்று வெயிலில் இருக்கும் அட்டையைக் குறிபார்த்தால் அது நிழலுக்கு ஏற்ற மாதிரி மங்கி, அட்டை மேல் புள்ளி கரைந்துபோகும். கையால் மாற்றும் பொத்தான் இருக்க வேண்டும்.

ஆக, யாருக்கு எது? முன் சைட்டின் விளிம்பு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது, வாரத்துக்கு ஒரு தடவைகூடப் பழக நேரமில்லை என்றால், 2.7 மில்லிமீட்டர் அளவில் ஃபைபர் முன் சைட், வெறும் கறுப்புப் பின் சைட். ரெட் டாட்டுக்குப் பழக்கம் அவசியம், அதற்கு நேரமில்லாதவருக்கு அது சுமைதான். விளிம்பு மங்கிவிட்டது, ஆனால் ஸ்லைடை வெட்ட மனமில்லை என்றால், கண் மருத்துவரிடம் 70 சென்டிமீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி சுடுவதற்கென்றே ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், நான் இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினேன். அட்டைக்கு அது போதும். மூக்குக் கண்ணாடி எப்போதும் மூக்கில் இருக்காதே என்ற யோசனை வந்த பிறகுதான் ரெட் டாட்டுக்கு மாறினேன். இருட்டு முக்கியம் என்பவர் முன் டிரிட்டியம் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். என் தேர்வு மூடிய வகை ரெட் டாட், மூன்று எம்ஓஏ. பெரிய புள்ளி சீக்கிரம் கண்ணில் படும் என்பார்கள், வெளிச்சத்தை ஒரு படி கூட்டினால் சின்னதும் படும்.

பொருத்திய பிறகு எந்தத் தூரத்தில் குறி சரி செய்வது என்று ஒரு வாக்குவாதம் எப்போதும் நடக்கும். ரெட் டாட் பேரலுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது, தோட்டா வினாடிக்கு 340 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டரில் சரி செய்த பிஸ்டல் 25 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் மேலே குத்தும். 25-இல் சரி செய்தது 10-இல் அரை சென்டிமீட்டர் கீழே. இதில் எதுவும் நம் கைக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் 10 மீட்டரில் நீங்கள் விடும் அரை சென்டிமீட்டர் தப்பு 25-இல் ஒன்றேகால் ஆகும், அதனால் நான் 10-இல் ஆரம்பித்து 25-இல், மணல் மூட்டை மேல், பத்துத் தோட்டா குரூப்பின் நடுவை வைத்து முடிக்கிறேன். சைட்டின் திருகில் ஒரு க்ளிக் ஒரு எம்ஓஏ என்றால் 10 மீட்டரில் மூன்று மில்லிமீட்டர் நகரும், ஒரு தோட்டாவைப் பார்த்துவிட்டுத் திருகத் தொடங்காதீர்கள்.

கடைசியாக, சைட்டின் முன் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டு இரண்டு கண்ணையும் திறந்து சுட்டுப் பாருங்கள். ஒரு கண் இலக்கையும் மறு கண் புள்ளியையும் பார்க்க, மூளை இரண்டையும் ஒட்டிக் காட்டும். புள்ளி மறைந்து டேப் மட்டும் தெரிந்தால், பழக்கதோஷத்தில் இன்னும் முன் சைட் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த டேப்பைக் கழற்ற மூன்று வாரம் ஆனது.